அணிலுக்கு வந்த பயம்

மின்வாரியத்தில் அவரை எல்லோரும் அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். புயல் அடித்து ஊரே இருண்டு கிடக்கும்போது, மற்றவர்கள் ஏணியைத் தேடி முடிப்பதற்குள் அவர் பாதிக் கம்பம் ஏறியிருப்பார். உச்சியில் இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு, "டேய், மேல காத்து சுகமா வருது, நீயும் வாயேன்" என்பார். கீழே கயிற்றைப் பிடித்து நிற்கும் ஆள் எப்போதும் ஒருவர்தான். உருண்டையான உடம்பு, பளபளக்கும் வழுக்கை. அதனால் அவருக்குக் குண்டு பல்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இடி மின்னலுக்கு அசராத அணில், ஓய்வு பெற்ற பிறகு தன் வீட்டு வாசற்படிகளைக் கண்டு நடுங்கத் தொடங்கினார்.

முதலில் நோய் கண்டது இடது கையில். சும்மா மடியில் வைத்திருந்தாலும் விரல்கள் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார்.

"யாரோ புதுசா மாற்றலாகி வந்த மேலதிகாரி பேர் மாதிரி இருக்கே, டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். அணிலும் சிரித்தார். ஆனால் மேசைக்குப் பின்னாலிருந்த கண்ணாடியில் தெரிந்த முகம் சிரிக்கவில்லை. களிமண்ணில் பிடித்து வைத்ததுபோல் இருந்தது. அப்போதுதான் முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது.

முகத்துத் தசைகள் இறுகிப்போகும், உள்ளே இருப்பது வெளியே தெரியாது என்று டாக்டர் விளக்கினார். மனைவி இருந்திருந்தால் முதுகைப் பார்த்தே மனசைச் சொல்லியிருப்பாள். அவள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

மாடி வீட்டு டீச்சரம்மா வணக்கம் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். "பெரியவருக்கு என்னமோ நம்ம மேல கோபம்" என்று அவர் யாரிடமோ சொன்னது படிக்கட்டிலிருந்து கேட்டது. ஒருநாள் குண்டு பல்பு வந்தார். தன் மருமகன் மின்விசிறியைத் தலைகீழாக மாட்டின கதையைச் சொல்லித் தானே சிரித்துத் தானே அடங்கினார். அணிலுக்கு உள்ளே சிரிப்பு பொங்கியது. முகமோ இழவு வீட்டுக்கு வந்தவனைப்போல இருந்தது.

"சரி, உனக்குத் தொந்தரவு தரல" என்று எழுந்து போனவர், பிறகு வரவேயில்லை.

கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் மகள் காதுக்குப் போகும். இரண்டே அறையில் மாமனார் மாமியாரோடு இருக்கும் அவள், அடித்துப் பிடித்து வந்து கையோடு கூட்டிப் போய்விடுவாள். அங்கே ஒரு மூலையில் பாரமாகக் கிடப்பதா? தினமும் சாயங்காலம் அவள் போன் செய்யும்போது, "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பார். "ஏம்பா குரல் இவ்ளோ மெதுவா கேக்குது?" என்று கேட்டால், லைன் சரியில்லை என்று தன் பழைய இலாகாவின் பக்கத்து இலாகாவான டெலிபோன்காரர்கள் மேல் பழியைப் போடுவார்.

மத்தியானங்கள்தான் கொடுமை. காலையில் போட்ட மாத்திரையின் வேகம் தணிந்ததும் கால்கள் தரையோடு ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும். அதிலும் வாசற்படி என்றால் கேட்கவே வேண்டாம். நடு அறையில் நன்றாக நடப்பவர், நிலைக்கு முன்னால் வந்ததும் சிலையாகிவிடுவார். இப்படியே விழுந்து, இடுப்பு உடைந்து, கத்தக் குரலும் இல்லாமல் கிடந்தால் யாருக்குத் தெரியும்? இந்த நினைப்பு பகலெல்லாம் அவரைத் தின்றது.

அன்றைக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கூடத்துக்கு வந்தார். திரும்பும்போது சமையலறை வாசலில் கால்கள் நின்றுவிட்டன. கண் முன்னாலேயே பால் பொங்கி வழிந்தது. சுடர் இரண்டு முறை துடித்து அணைந்தது. பிறகு உஸ்ஸென்று ஒரு மெல்லிய சத்தம்.

வாசனையே தெரியவில்லை. இந்த நோய் அவருடைய மூக்கை எப்போதோ கொண்டுபோயிருந்தது. காதில் விழுந்த அந்த உஸ்தான் கேஸ் கசிகிறது என்று சொன்னது.

அணிலின் பார்வை ஃப்ரிட்ஜின் மேல் போனது. சத்தமில்லாமல் நின்றது அது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தானாக ஓடத் தொடங்கும். தொடங்கும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு பொறி தட்டும். முப்பது வருஷம் மின்சாரத்தோடு குடித்தனம் செய்தவருக்கு அந்தப் பொறி என்ன செய்யும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே டீச்சரம்மா பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற நேரம்.

"யாராவது வாங்க!" என்று கத்தினார். அந்தக் குரல் சமையலறையைக்கூடத் தாண்டவில்லை. காலை அசைத்துப் பார்த்தார். கெஞ்சினார், திட்டினார். கால்கள் கேட்கவில்லை. உடம்பு வேர்த்துக் கொட்டியது.

விழுவதற்குத்தான் அவர் இத்தனை நாள் பயந்தார். இப்போது வேறு வழியில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு முழங்கால்களை மடக்கி, பொத்தென்று விழுந்தார். கை ஊன்றினார். வலது கை, இடது முழங்கால். இடது கை, வலது முழங்கால். நடக்க மறுத்த கால்கள் தவழ ஒப்புக்கொண்டன! கம்பம் ஏறுகிற அதே அசைவு, தரையில். ஆனால் கேஸ் கனமானது, கீழேதான் தேங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மூச்சை அடக்கிக்கொண்டு, கொட்டிய பாலில் வழுக்கி, மேடையைப் பற்றி எழுந்து குமிழைத் திருப்பினார். உஸ் நின்றது. பின்கதவைத் தள்ளித் திறந்து, வெளியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்.

ஆபத்து நீங்கிய பிறகுதான் பயம் முழுசாக வந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. சட்டைப்பையில் இருந்த போனை எடுத்துப் பல்புவைக் கூப்பிட்டார்.

"ஹலோ? யாரு? ஹலோ?" குரலே காதில் விழாததால் பல்பு வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டு, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிச் சொன்னார். "அணில்டா. பயமா இருக்குடா."

"யாருக்கு? உனக்கா?"

செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார் பல்பு. சிந்திய பாலையும் பின்வாசலில் கிடந்தவரையும் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அணில் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் வந்தன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியேடா!"

"தூக்கி வைக்கலடா. இறக்கத்தான் முடியல."

பல்பு சிரிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் மகளின் போன் வந்தபோது, பல்பு அதை அணிலின் வாயருகே பிடித்துக்கொண்டார். உண்மையைக் கேட்ட மகள் அழுதாள், திட்டினாள், அந்த வாரமே வந்து நின்றாள். இங்கேயே இருக்கிறேன் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்க, அரைமனதோடு சம்மதித்து, டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தை மாற்றி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் பல்பு தரையில் குறுக்காகக் கறுப்பு டேப் ஒட்டினார். தாண்ட ஒரு கோடு இருந்தால் கால் எழும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரும்பாலும் எழுகிறது. விஷயம் தெரிந்த டீச்சரம்மா மாடிப்படி இறங்கும்போதெல்லாம் கதவைத் தட்டுகிறார்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். நேற்றுகூட அணில் கேட்டார். "இனிமே போகப் போக சோறு முழுங்கறதுகூட கஷ்டமாகுமாம்டா. அப்ப என்ன பண்றது?"

பல்பு நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.