சிக்னல் வரைக்கும் ஒரு நடை

“கண்ணாடி முன்னால நின்னுகினு இன்னா பாக்குற நைனா? பொண்ணு பாக்கவா போற? சிக்னல் வரிக்கும் நட்ந்துட்டு வா.”

கன்னியம்மா சொன்னால் நடந்தே ஆக வேண்டும். சேஃப்டி ஷூவில் விரல்களுக்கு மேலே இரும்பு மூடியிருக்கும். மற்றச் செருப்பைப் போல அமுக்கிப் பார்த்து அளவு சொல்ல முடியாது. ஆகவே டோல்கேட்டில் இருக்கும் அவள் கடையில் ஒரே சட்டம்தான்: பழையதைக் கழற்றி அடமானம் மாதிரி வைத்துவிட்டு, புது ஷூவோடு சிக்னல் வரை போய்த் திரும்ப வேண்டும். அவள் முக்காலியை ரோட்டுப் பக்கம் போட்டுக்கொண்டு, போகிறவனின் குதிகாலையே பார்த்திருப்பாள். “பின்னால தூக்குது. ஒரு நம்பர் கம்மி போடு.” புது ஷூவோடு கம்பி நீட்டியவன் இதுவரை ஒருத்தன்கூட இல்லை என்பதில் அவளுக்கு ஏகப் பெருமை.

கணவர் குணசேகரன் கண்ணை மூடிய பிறகு தனியாகத்தான் கடையைப் பார்க்கிறாள். கழுத்தில் எப்போதும் இரண்டு ஜோடி லேஸ் தொங்கும். வாயோ, கேட்கவே வேண்டாம். மணலிக் கம்பெனிகளுக்குப் போகும் ஆட்கள் அந்த வாய்க்குப் பயந்தே கையுறையும் சேர்த்து வாங்குவார்கள். “கையி போச்சுன்னா எங்கிட்ட ஸ்டாக் இல்ல, சொல்லிட்டேன்.”

அதெல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். இப்போது காண்டிராக்டர்கள் மொத்தமாக ஆன்லைனில் வரவழைத்துவிடுகிறார்கள். பக்கத்து ஹார்டுவேர் கடை மூடி, அந்த இடத்தில் பார்சல் பிரிக்கிறார்கள். பையன்கள் தண்ணீர் கேட்டு இவளிடம்தான் வருவார்கள், இவளும் திட்டிக்கொண்டே சொம்பை நீட்டுவாள். கடைக்கு வரும் இளவட்டங்களுக்கோ அவள் சட்டம் ரொம்ப வசதியாகப் போயிற்று. சிக்னல் வரை நடப்பார்கள். அங்கேயே நின்று காலைத் தூக்கி அடியில் இருக்கும் மாடல் நம்பரைப் பார்ப்பார்கள். போனை எடுப்பார்கள். திரும்பி வந்து, “டைட்டா கீதுக்கா” என்பார்கள். அவளுக்கா தெரியாது? அந்தக் குதிகால் அச்சாகப் பொருந்தியிருந்ததை அவள்தானே பார்த்தாள்! ஒன்றும் சொல்லாமல் ஷூவை வாங்கிப் பெட்டியில் போடுவாள். வாய் ஓயாதவள் வாயை மூடிக்கொண்டால் அது எங்கே போய்ச் சேரும்? உள்ளேயே கிடந்து புளிக்கும்.

புளித்தது போய் விழுந்தது அருள்நாதன் மேல்.

அருள்நாதன் மணலியில் ஃபிட்டர். குணசேகரன் இருந்தபோதிலிருந்தே அவருக்கு வேறு கடை தெரியாது. பஸ் நிறுத்தம் கடையை ஒட்டியே இருப்பதால் தினமும் காலையில் “வரேன்க்கா” என்று ஒரு குரல் கொடுக்காமல் போகமாட்டார். போன மாதம் பழைய ஷூ பிய்ந்து வந்து உட்கார்ந்தார். ஒன்பதாம் நம்பர் மாட்டினார், நடந்தார். சிக்னலடியில் நின்றார். காலைத் தூக்கி அடியைப் பார்த்தார். போனை எடுத்தார்.

அவர் படியேறக்கூட விடவில்லை கன்னியம்மா. “இன்னா அருளு, நீயுமா? ஆர்டரு போட்டாச்சா? எப்ப வருதாம் பார்சலு? என் கடைய இன்னா சொம்மா மாட்டிப் பாக்குற சத்திரம்னு நெனச்சியா? கழட்டுயா!”

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அருள்நாதன் அவர்களை ஒரு தரம் பார்த்தார். குனிந்து ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தார். பிய்ந்ததை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஷூவைப் பெட்டியில் வைக்க எடுத்தபோதுதான் கவனித்தாள். சிக்னலில் எந்நேரமும் சாக்கடைத் தண்ணீர் தேங்கி நிற்கும். இந்த ஷூவின் அடியிலோ பொட்டுச் சேறில்லை, நன்றாகத் துடைத்திருந்தது. அவள் சரக்கு அழுக்காகக் கூடாதென்று அந்த மனுஷன் கைக்குட்டையால் துடைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே ஒரு பையன் வந்து நின்றான். “நான் ஃப்ரெடி, அருள்நாதன் தம்பி. புதுசா வேலைல சேந்துருக்கேன். மத்தியானம் அண்ணன் சிக்னல்லேர்ந்து போன் பண்ணி என் நம்பர் கேட்டாரு. அவருக்கு வாங்கும்போது எனக்கும் எட்டாம் நம்பர் எடுத்து வெக்கிறேன்னாரு. வாங்கிட்டாராக்கா?”

கன்னியம்மா அந்த ஒன்பதாம் நம்பர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். தப்பு என்னுது நைனா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன ரோஷம் விட்டால்தானே! “அண்ணன இட்டுனு வா” என்று மட்டும் சொன்னாள். அண்ணனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை.

அந்த ஒன்பதாம் நம்பரை அவள் அதன் பிறகு யாருக்கும் எடுத்துக் காட்டவில்லை. தினமும் அருள்நாதன் பஸ்ஸுக்கு வரும் நேரத்தில் லேஸைத் தளர்த்தி, வாசல் படியில் வைத்துவிட்டு ரோட்டையே பார்ப்பாள். அவர் தலை குனிந்தபடி கடந்து போவார். “வரேன்க்கா” கிடையாது. கூப்பிட வேண்டும் என்றுதான் எழுவாள். பிறகு லேஸை இறுக்கி ஷூவை உள்ளே எடுத்து வைப்பாள்.

நேற்று அவர் காலில் புது ஷூ. எங்கோ பெட்டியில் அடைத்து அனுப்பியது. நிறுத்தம் வரை நடந்ததை அவள் பார்த்தாள். பின்னால் தூக்கியது. ஒரு நம்பர் பெரிசு. ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் உராய்கிறது. இன்னும் இரண்டு நாளில் கொப்புளம் நிச்சயம். “ஐயோ, நடந்து பாக்காம வாங்கிட்டியே அருளு” என்று தனக்குள் முனகிக்கொண்டாள். நடக்க விட்டவளே கழற்ற வைத்த பிறகு அந்த மனுஷன் எங்கே போய் நடந்து பார்ப்பார்?

இன்று காலை ஒன்பதாம் நம்பரைப் பெட்டியில் போட்டு மேல்தட்டில் ஏற்றினாள். பெரிசான ஷூவைக் காலுக்கு இறுக்கிக் கொடுக்க உள்ளே போடும் தடித்த மெத்தை ஒரு ஜோடியை எடுத்து, ஓரத்தை அளவாகக் கத்தரித்து, கடைப் பெயர் போட்ட பையில் வைத்து வாசல் படியில் வைத்தாள். பஸ் வரும் நேரம் ஆயிற்று. தூரத்தில் அந்த நடை தெரிந்தது. ரோட்டைப் பார்த்தே உட்கார்ந்து பழகிய கன்னியம்மா, முக்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.