ஜெயரூபன் இறக்கிய தகரங்கள்

வாயில் பிரஷ், கையில் கைப்பேசி. செய்மதிப் படத்தில் வங்காள விரிகுடாவின் மேல் ஒரு முகில் சுருண்டிருந்தால் போதும், பற்பசை நாடியில் காயும்வரை ஜெயரூபன் அசையமாட்டான்.

ஆரையம்பதியில் ஓட்டோ ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்தில் புவியியலுக்கு அவன் எடுத்த புள்ளியைச் சொன்னால் கடலே சிரிக்கும். ஆனாலும் காற்றின் வேகத்தைச் சொல்லி முடிக்காமல் யாரையும் இறங்க விடமாட்டான்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் இவர்கள் வீட்டுக் குசினிக் கூரைத் தகரமொன்று வாவியைத் தாண்டி, கொக்கட்டிச்சோலையில் ஒருவருடைய கோழிக்கூட்டின்மேல் பொருத்தமாகக் குந்திக்கொண்டதாம். கேட்கப்போன ஜெயரூபனின் தகப்பனிடம், “காத்துத் தந்தது” என்றாராம் அந்த மனிதர். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு ஒரே கொள்கை: கழற்றி வைத்த தகரம் பறக்காது.

இந்தக் கொள்கையோடு குடித்தனம் நடத்துகிறவள் வதனி. போன கார்த்திகையில் ஒரு நாள் காலை விரிகுடாவில் வெறும் தாழமுக்கமாக இருந்தது, மறுநாள் மத்தியானம் சூறாவளியாகி நடுவில் கண் திறந்துவிட்டது. “ஒரே நாளில இப்பிடி ஊதினத நான் கண்டதில்ல கா! நேரே நமக்குத்தான்” என்று ஜெயரூபன் குசினிக் கூரையில் ஏறினான்.

“இறங்குங்க! சீதேவிப்பிள்ளையக்காட கடைக்கு விடிய இருநூறு இடியப்பம். இன்னொருக்காப் பிந்தினா வேற ஆளப் பாப்பன் எண்டு சொல்லிப்போட்டா.”

“காத்து வந்தா கடையே இரிக்காது.”

ஆறு தகரமும் இறங்கின. அடுக்கி, அவற்றின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தான்.

விடிவதற்குள் சூறாவளி நடுக்கடலிலேயே உயிரை விட்டிருந்தது. கண் மூடி, முகில் பிய்ந்து, மிச்சமாகக் கரைக்கு வந்தது தூறல் மட்டுந்தான். அது நேரே வதனியின் அடுப்பில் விழுந்தது.

“எங்க உங்கட சூறாவளி?”

“காஞ்ச காத்து உள்ள பூந்திற்று கா. இல்லாட்டி வந்திரிக்கும்.” நெருங்கிய சொந்தத்தில் சாவு விழுந்தவன்போலச் சொன்னான்.

“மழைக்கு மட்டும் வழி தெரிஞ்சிரிக்கி! மா நனையுது. பிடிங்க அந்தத் தகரத்த!”

ஆணி அடித்து ஏற்ற நேரமில்லை. ஒரு தகரத்தை இரு கையாலும் தலைக்குமேல் தூக்கி அடுப்புக்குக் குடையாக நின்றான். அவள் பிழிந்தாள், அவித்தாள், தட்டைக் கவிழ்த்தாள். நூறு தாண்டியபோது அவன் முழங்கை ஆடத் தொடங்கியது. “ஆட்டாதீங்க, தண்ணி சொட்டுது.”

ஏழு மணிக்குக் கடையிலிருந்து ஆள் வந்து, இருநூறையும் எண்ணிக் கூடையைத் தூக்கிப் போனான். இனி இறக்கலாமென்று ஜெயரூபன் மெல்லத் தகரத்தைச் சரித்தான்.

தூறல் இன்னும் விடவில்லை. வதனி தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, பலகையை இழுத்துப் போட்டு, தகரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.