வரப்பில் போட்ட நாற்காலி

"...அதுக்கில்லண்ணா, வந்து பத்து நாளாச்சு, ஒருத்தரும் என்னை இன்னும் 'டா' போட்டுக் கூப்பிடல" என்றான், பிரான்சிலிருந்து தமிழ் படித்துக்கொண்டு வந்திருந்த இளைஞன்.

அவன் ஊர் மன்றமும் மடுகரையில் எங்கள் இளைஞர் மன்றமும் கைகோத்து, சேர்ந்து நடவு நடும் திட்டம் அது. செயலாளர் நான்தான். விருந்தாளியைச் சேற்றில் இறக்கலாமா என்று, தினமும் வரப்பில் நாற்காலி போட்டு, இளநீர் கொடுத்து உட்கார வைத்தேன். "இன்னா, தொரை வெயில்ல கரைஞ்சிடுவாரா?" என்று நடவுப் பெண்கள் கேட்டபோதும் சிரித்து மழுப்பினேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நானோ பத்து நாளும் அவனை விருந்தாகவே ஒதுக்கி வைத்துவிட்டேன். எத்தனை தனியாக இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. நடவோ அன்றோடு முடிந்துவிட்டது. மறுநாள் அவனுக்கு விமானம்.

"வாடா" என்றேன். மோட்டார் கொட்டகையில் எல்லோரும் கால் கழுவிக்கொண்டிருந்தோம். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் நடுவில் வந்து நின்று, சேறே படாத கால்களைக் கழுவிக்கொண்டான்.