கிருஷ்ணப்பனின் சீமைப் பலகை

கிருஷ்ணப்பனை ஏமாளி என்று வியாசர்பாடியில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவனைக் கெட்டிக்காரன் என்கிற ஊர், நம்பினவனை ஏமாளி என்கிறது. இது என்ன நியாயம்?

அவன் துறைமுகத்தில் பெட்டி சுமக்கிறவன். சாயங்காலமானால் இரவல் பிடில் வாசிப்பான். 1951இல் ராயபுரத்து நாடகக் கம்பெனி ஒன்று, சொந்தப் பிடிலோடு வந்தால் வேலை என்றது. இனி பெட்டி சுமக்க வேண்டாம் என்று அவன் மனைவி பூவம்மா பூரித்துப் போனாள்.

பிடில் செய்கிற தண்டையார்பேட்டை சுப்பராயன் அவனுக்குப் பத்து வருஷத் தோஸ்து. கிருஷ்ணப்பன் அவனிடம் ஒரு பலகையைக் கொடுத்தான். கப்பலில் சரக்கு உருளாமல் முட்டுக்கொடுக்கிற சீமைப் பலகை அது. மேஸ்திரியைக் கெஞ்சி வாங்கி, நாலு வருஷம் கட்டிலுக்கடியில் உலர்த்தி வைத்திருந்தான்.

"இத்த மேல்பலகையா போட்டா, நாதம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும் மாமு" என்றான் சுப்பராயன்.

மூன்று மாதத்தில் பிடில் வந்தது. கருஞ்சிவப்பு வார்னிஷில் மணப்பெண் மாதிரி மினுங்கியது. கம்பெனியில் வாசித்தால் இரண்டாவது வரிசைக்குக் கேட்கவில்லை.

"இன்னா நைனா, உள்ளயே முனகிகினு கீது?" என்று நாடக வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவன், ஒரு துண்டுக் கண்ணாடியைப் பிடிலின் துளைக்குள் விட்டு வெயிலில் பார்த்தான். மேல்பலகையின் அடியில் பாதி சுரண்டிய முக்கோணம், நடுவில் மூன்று புள்ளிகள். எழுத்துத் தெரியாத கூலிகள் மார்க்கை வைத்துத்தான் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவார்கள். அது கொழும்புத் தேயிலைப் பெட்டியின் மார்க். அப்படி எத்தனை ஆயிரம் பெட்டி அவன் தோளில் ஏறியிருக்கிறது! அதைப் போய் அவனிடமே ஒளிக்கப் பார்த்திருக்கிறான் பாவி சுப்பராயன்.

நேரே தண்டையார்பேட்டைக்கு நடந்தான்.

"என் பலகை எங்கடா?"

சுப்பராயன் முதலில் மழுப்பினான். பிறகு, "மயிலாப்பூர் வித்வான் ஒருத்தர் பிடில் கேட்டாரு. அதுல போட்டுட்டேன். மூட்டை தூக்கற கைக்கு இது போதாதா மாமு?" என்றான்.

கிருஷ்ணப்பன் கை ஓங்கவில்லை.

"அப்போ இத்தினி வருஷமா என் வாசிப்பைக் கேட்டு தலையாட்டினியே, அதுவும் பொய்யா?"

சுப்பராயன் குனிந்து இழைப்புளியைத் தேட ஆரம்பித்தான். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கிருஷ்ணப்பன் அந்தத் தேயிலைப் பெட்டியையே காலம் முழுக்க வாசித்திருப்பான்.