முட்டையை அளக்காமல் செய்த முட்டைப் பெட்டி

ஆறு முட்டை வைக்கும் அட்டைப் பெட்டிக்கு டிசைன் காட்ட, சேலத்திலிருந்து இரண்டு பேர் இன்று நாமக்கல்லில் உள்ள என் குடோனுக்கு வந்தார்கள்.

பெங்களூர் கடைக்காரர் வியாழக்கிழமைக்குள் மாதிரிப் பெட்டி கேட்டிருக்கிறார். பிடித்தால்தான் ஆர்டர். இத்தனை வருடம் பிறர் பெயரில் விற்ற முட்டை, முதல்முறையாக என் பெயரில் போகும்.

லேப்டாப்பைத் திறந்த தம்பி கேட்டார்: "சார், பெட்டியைப் பாத்ததும் கஸ்டமருக்கு என்ன ஃபீல் வரணும்?"

"உடையாம ஊடு போய்ச் சேருமுங்கற நம்பிக்கை வரோணுங்க."

"சூப்பர் சார்" என்றார் கூட வந்த பெண். பிறகு அரை மணி நேரம் பச்சை நிறத்தைப் பற்றியே பேசினார்கள். காற்றுப் போக ஓட்டை எங்கே என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் "நோட் பண்ணிக்கறோம் சார்" என்றார்கள். பேனா மூடியைக் கழற்றவே இல்லை.

கடைசியில் மாதிரிப் பெட்டியை எடுத்து வைத்தார்கள். குடோனில் முட்டை அடுக்கும் செல்வி அக்கா ஆறு முட்டையை வைத்து மூடிப் பார்த்தார். மூடவில்லை.

"ஏஞ்சாமி, இது காடை முட்டைக்குங்களா?"

தம்பி அசரவில்லை. "முட்டை சைஸ் நெட்ல பாத்துத்தான் போட்டோம், அக்கா."

சுற்றிலும் கூரை உயரத்துக்கு முட்டை. இவர் நெட்டில் பார்த்தாராம்.

ஒரு தட்டு முட்டையைக் கையில் கொடுத்து, "அளந்து போட்டு நாளைக்குக் கொண்டாங்க" என்று அனுப்பினேன். வாசலில் நின்று அந்தப் பெண் கேட்டார்: "பச்சை ஓகேதானே சார்?"

ஸ்கேலும் காதும் உள்ள டிசைனர் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கலர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.