ஊசியின் மூன்றாவது துண்டு

தங்கப்பொண்ணு கடலைப் பார்த்ததில்லை. ஆனால் கடற்படை ஹெலிகாப்டரின் எஞ்சின் வாய் எத்தனை அங்குலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆளைக் காணாமல் அளவுச்சட்டையை வைத்துத் தைக்கிற மாதிரி, பதினாலு வருஷமாக அதற்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

திருமங்கலம் பக்கம் பிறந்தவள். ஏழாவதோடு படிப்பு நின்றது. செல்லூரில் விசைத்தறி ஓட்டிய காசிமாயனைக் கட்டிக்கொண்டு வந்தாள். தறி நின்றதும் ஜலால் பாய் பட்டறையில் சேர்ந்தாள். அப்போது அங்கே லாரிக்குத் தார்ப்பாய்தான். பிறகு கடற்படையின் விமானச் சாமான் கிடங்கிலிருந்து ஆர்டர் வந்தது. நிற்கிற ஹெலிகாப்டருக்குள் உப்புக்காற்றும் குருவியும் புகாமல் மூடுகிற கேன்வாஸ் உறைகள்.

முதல் ஆர்டரின்போது வந்த அதிகாரி ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார். தைக்கையில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி அட்டையில் ஒட்ட வேண்டும். புது ஊசியைப் பக்கத்தில் வைத்து நீளம் பார்க்க வேண்டும். குறைந்தால் சரக்கு வெளியே போகக் கூடாது. குருணை அளவு இரும்பு எஞ்சினுக்குள் போனாலும் நாலு பேர் கடலில் விழுவார்கள்.

காசிமாயன் மாரடைப்பில் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. அதுவும் ஒன்றும் செய்யவில்லை.

அன்று காலையில் ஊசி உடைந்தது. விரலில் ரத்தம். துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு துண்டுகளைக் கொண்டுபோய் நீட்டினாள். அட்டையைப் பார்த்துக்கொள்வது பாயின் மருமகள் நிலோபர். அவள் தங்கப்பொண்ணின் வெறும் கழுத்தைப் பார்த்தாள். நீளம் பார்க்க மனசு வரவில்லை. ஒட்டிவிட்டுப் புது ஊசியைக் கொடுத்தாள்.

நாலு மணிக்கு நாற்பது உறையையும் அடுக்கி, இறுக்கி, பேல் கட்டியாயிற்று. ஐந்து மணிக்கு லாரி. கத்தரியை வைக்கப் போன தங்கப்பொண்ணு அட்டையைப் பார்த்தாள். இன்று ஒட்டிய ஊசி, மற்றதைவிடக் கட்டையாக இருந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. சொல்லாவிட்டால் சரக்கு லாரியேறிப் போய்விடும்.

"பாய், பேலைப் பிரிக்கணும். ஊசி முனை இல்ல."

ஜலால் பாய் கண்ணாடியைக் கழற்றினார். "காலையில உடைஞ்சதுக்கு இப்பச் சொல்றியேம்மா."

"இப்பத்தான் பார்த்தேன்."

"நான்தான் மாமா அளக்காம விட்டேன்" என்றாள் நிலோபர்.

நாலு பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு உறையாகக் காந்தத்தை ஓட்டினார்கள். "ஹெலிகாப்டருக்கு வாய்ப்பூட்டு போட்டு என்னக்கா, நம்ம பாய்க்கு ஒண்ணு தச்சிருக்கணும். இம்புட்டுப் புலம்பலா?" என்றாள் பக்கத்து மிஷின் முத்துத்தாய். காந்தம் அடுத்த உறைக்குப் போனது. நாற்பதும் முடிந்தது. முனை கிடைக்கவில்லை. லாரியும் சரக்கில்லாமல் போய்விட்டது.

"மொத்தத்தையும் கழிச்சுப் போட வேண்டியதுதான்" என்றார் பாய். "அடுத்த ஆர்டர் நம்மளுக்கு வராது."

முத்துத்தாய் காந்தத்தை வாங்கக் கை நீட்டினாள். தங்கப்பொண்ணின் விரல் துணி கறுத்து நனைந்திருந்தது. பிடித்துப் பிரித்தாள். விரல் வீங்கி, தோலுக்கடியில் கருப்பாய் ஒரு புள்ளி.

"அடியாத்தி. இதோடயா இம்புட்டு நேரம் தச்ச? வலிக்கலையா?"

தங்கப்பொண்ணு விரலைப் பார்த்தாள். யாரோ ஒருத்தருடைய விரல் போலிருந்தது. "இல்லையே."

தெருமுனை டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி எடுத்தார். பஞ்சில் போடப் போனவரை அவள் தடுத்தாள்.

"அதைக் குடுங்க டாக்டர்."

"எதுக்கும்மா?"

"ஒட்டணும்."

சிரித்துக்கொண்டே காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "மருந்து இறங்க ரெண்டு மணி நேரம் ஆகும். அப்புறம் நல்லா வலிக்கும். மாத்திரை போட்டுக்க."

பட்டறையில் நிலோபர் மூன்றாவது துண்டை ஒட்டி, புது ஊசியைப் பக்கத்தில் வைத்து, இரண்டு தடவை பார்த்தாள். சரியாக இருந்தது. பாய் கையெழுத்துப் போட்டார். "காலையில முதல் லாரிக்குப் போகட்டும். நீ வீட்டுக்குப் போம்மா."

"போறேன் பாய்" என்றாள். போகவில்லை. திரும்பக் கட்டிய பேல்மீது உட்கார்ந்து, மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு, கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி வலிக்கட்டும் என்று காத்திருந்தாள்.