கலர் டப்பாவும் காலை ரயிலும்

"இன்னா விமலா இது, சோத்து டப்பாவா, கோலப்பொடி டப்பாவா? ரயில்ல நாலு பேரு முன்னாடி இதை எப்படித் தொறக்கறது?"

என் வீட்டுக்காரரின் தினசரிப் புகார் இது. இல்லத்தரசி வேலை என்பது மூன்று ஷிப்டையும் ஒரே ஆள் பார்ப்பது. மேஸ்திரியும் நாமே, திட்டு வாங்குவதும் நாமே. டப்பா கட்டிக் கட்டிக் கை ஓய்ந்த சகோதரிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

டப்பாவில் பப்பாளி, கொய்யா, மாதுளை, நாவல். ஆரஞ்சு, வெள்ளை, சிவப்பு, ஊதா. அவருக்குச் சர்க்கரை. தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் வழியில் பங்காரப்பேட்டை ஸ்டேஷனில் வாங்கித் தின்னும் வடையை விட்டுவிட்டு, அந்த நேரத்துக்குக் கையளவு பழம் தின்னச் சொன்னார் டாக்டர். அதுவும் ஒரே பழமாக இல்லாமல் கலர் மாற்றி மாற்றி. ஒவ்வொரு கலரிலும் ஒவ்வொரு சத்தாம். ஊசியைப் பார்த்தாலே மயக்கம் போடும் மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அடுத்த டெஸ்ட்லயும் குறையலேன்னா ஊசிதாம்மா."

நாக்கை நீட்டு

கலர் பழத்தின் அருமை டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. எங்கள் கான்வென்ட் காம்பவுண்டில் ஒரு நாவல் மரம். பழம் பொறுக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே பொறுக்கினோம்.

மணி அடித்ததும் சிஸ்டர் வரிசையாக நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்வார். ஊதா நாக்குக்கெல்லாம் வெயிலில் முட்டி போடல். அந்த ஊதாவில்தான் உடம்பைக் காக்கும் சத்தே இருக்கிறது என்று இன்று யூடியூபில் ஆளாளுக்குக் கத்துகிறார்கள். அன்று அதற்காக எங்கள் முட்டி தேய்ந்தது. ஒருநாள் "டங் அவுட்!" என்று சிஸ்டர் வாயைத் திறந்தபோது, என் பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாள். "சிஸ்டர், நீங்களும் எங்களோட வந்து முட்டி போடுங்க."

முதலில் கண்ணுக்கு

அப்பாவுக்கு சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அடி லெவலில் வேலை. பேத்தமங்களாவிலிருந்து ஒரு கூடைக்காரம்மா எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பப்பாளி கொண்டுவருவார். பகல் ஷிப்ட் முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்து, குளித்துவிட்டு அப்பா வாசலில் உட்காருவார். அம்மா தட்டை நீட்டினால் உடனே தின்ன மாட்டார். அந்த ஆரஞ்சுத் துண்டைச் சாயங்கால வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எனக்கோ எச்சில் ஊறும்.

பப்பாளியின் அந்த நிறம் கண்ணுக்கு நல்லது என்று பிறகுதான் பாடத்தில் படித்தேன். சுரங்கத்தை மூடிவிட்டார்கள்; இன்று அந்தக் கூடையும் இல்லை, கேஜும் இல்லை. பப்பாளி மட்டும் அதே நிறத்தில் வருகிறது. "ஈ மொய்க்குது, சீக்கிரம் துன்னுங்க" என்று அம்மா அப்போதெல்லாம் கத்துவாள். அப்பா நகர மாட்டார். "இரு. நாளெல்லாம் கறுப்பையே பாத்துட்டு வரேன். மொதல்ல கண்ணு துன்னட்டும்."

காலி டப்பா

வீட்டுக்காரரின் டப்பா தினமும் துடைத்து வைத்தாற்போல் காலியாகத் திரும்பியது. நான் பூரித்துப் போனேன். சர்க்கரை மட்டும் இறங்கவில்லை.

போன வாரம் அண்ணன் மகள் வளைகாப்புக்காக பெங்களூருக்கு அவரோடு நானும் மாரிகுப்பம் ரயிலில் ஏறினேன். பங்காரப்பேட்டை வந்ததும் டப்பா திறந்தது. எதிர் சீட்டிலிருந்தும் பக்கத்து சீட்டிலிருந்தும் கைகள் நீண்டன. பதிலுக்கு இவர் கையில் சுடச்சுட ஒரு வடை வந்து உட்கார்ந்தது. ஏற்பாடு பழையது போலிருக்கிறது. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கவிட்ட ஒருவன் என்னைப் பார்த்து மலர்ந்தான். "டப்பா ஆன்ட்டி நீங்கதானா? உங்க புண்ணியத்துல எனக்கு மலச்சிக்கலே போச்சு ஆன்ட்டி! கொய்யாதான் நேத்து கொஞ்சம் காய்."

ஊருக்கெல்லாம் ஆரோக்கியம், என் வீட்டுக்கு ஊசி: நான் விடியலில் எழுந்து நடத்திய பழ வைத்தியம் இவ்வளவுதான்.

"அடுத்த மாசம் இவருக்கு டெஸ்ட். குறையலேன்னா ஊசி போடப் போறாங்க. தெனம் நாலு துண்டாவது இவர் வாய்க்குள்ள போறதை யாராச்சும் பாத்துக்கோங்களேன், தம்பிகளா" என்று கேட்டேன். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர்களுக்கு வாய் நிறையப் பழம்.